பெரிய விநியோகஸ்தரா, சின்னவரா? கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு

சரக்கு தயார், விற்றுத்தர ஆள் வேண்டும். இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் இரண்டு விதமான ஆட்கள் எதிரில் வந்து உட்காருவார்கள். ஒருவரிடம் பெரிய குடோன், சொந்த வண்டிகள், முப்பது நாற்பது கம்பெனிச் சரக்கு. இன்னொருவரிடம் ஒரே வண்டி, நாலைந்து கம்பெனி; ஆனால் கடைக்காரர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மனசு முதல் ஆளிடம்தான் போகும். என்னுடையதும் போனது.

முதல் ஆர்டர் பெரிதாக வந்தது, பணமும் சொன்ன தேதியில் வந்துவிட்டது. அடுத்த ஆர்டர் மட்டும் வரவேயில்லை. நாலு மாதம் கழித்து அவர் குடோனுக்குப் போனேன். எங்கள் பெட்டிகள் பின்சுவர் ஓரமாக அடுக்கியபடியே இருந்தன. நாங்கள் ஒட்டிய டேப்பைக்கூட யாரும் பிரிக்கவில்லை. அவர் ஏமாற்றவில்லை. ஒரு கடையில் பத்து நிமிடம் நிற்கிற சேல்ஸ்மேன், ஓடுகிற சரக்கைத்தான் முதலில் சொல்வான். புதுப் பெயரை விளக்கிக்கொண்டிருந்தால் அவனுடைய டார்கெட் என்னாவது? அவர் குடோனுக்குள் போனதையெல்லாம் விற்பனை என்று எழுதிவைத்தது என் தப்பு.

பெரியவருக்கும் நியாயம் உண்டு. கடைகள் அவருக்குப் பாக்கி வைக்கத் தயங்கும். வைத்தால் மற்ற நாற்பது சரக்கும் நின்றுவிடும். சின்னவருக்கு அந்தப் பிடி இல்லை. அவர் பணம் கடைக் கடனில் மாட்டும், அதனால் நம் பணம் அவரிடம் மாட்டும். ஆக, வசூலில் பெரியவர், கவனிப்பில் சின்னவர். ஏற்கெனவே பெயர் எடுத்த, வேகமாக ஓடும் சரக்கென்றால் நான் பெரியவரிடம் போவேன். சொல்லி விற்கவேண்டிய சரக்கென்றால் சின்னவர்தான். கடன் வரம்பை மட்டும் இறுக்கிவைப்பேன். யாரானாலும் பேசி முடிப்பதற்குமுன் அவருடைய சேல்ஸ்மேனோடு ஒரு நாள் லைனில், அதாவது கடை கடையாக, போய்வாருங்கள். அலுவலகத்தில் காட்டும் பட்டியலைவிட அந்த ஒரு நாள் அதிகம் சொல்லும்.

விநியோகஸ்தரே வேண்டாம், கமிஷன் ஏஜென்ட் போதும் என்பவர்களும் உண்டு. ஏஜென்ட் சரக்கை வாங்குவதில்லை. பில் நம் பெயரில், விலை நம் கையில், வராத பாக்கியும் நம் தலையில். விநியோகஸ்தர் வாங்கி விற்பவர். பாக்கி அவர் பாடு, அதனால் விலையும் அவர் பாடு. இந்த விலைக்குக் கீழே விற்காதே என்று அவரைக் கட்டிப்போடுவது பல நாடுகளில் போட்டிச் சட்டத்தில் சிக்கும். ஏஜென்ட் என்றால் சுலபமாக விலக்கிவிடலாம் என்றும் நினைக்கவேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1986ஆம் ஆண்டின் நெறிமுறைப்படி, விலக்கப்படும் ஏஜென்ட் இழப்பீடு கேட்கலாம். பெல்ஜியத்தில் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்து, இப்போது அந்நாட்டுப் பொருளாதாரச் சட்டத் தொகுப்பில் இருக்கும் விதி, காலவரையறை இல்லாத ஒப்பந்தம் உள்ள ஏக விநியோகஸ்தருக்கும் நியாயமான முன்னறிவிப்போ ஈட்டுத்தொகையோ கொடுக்கச் சொல்கிறது.

அடுத்த இழுபறி ஏக உரிமை. தமிழில் ஒரே சொல்லாகச் சொல்லிவிடுகிறோம், ஒப்பந்தத்தில் அது இரண்டு. ‘எக்ஸ்க்ளூசிவ்’ என்றால் அந்த ஏரியாவில் நாமே நேரடியாக விற்கக்கூடாது. ‘சோல்’ என்றால் வேறு விநியோகஸ்தரைப் போடக்கூடாது, நாம் விற்கலாம். எது என்று தெளிவாக எழுதாவிட்டால், ஆன்லைனில் நாமே விற்ற முதல் பாக்கெட்டிலேயே சண்டை வரும். ஏக உரிமை கேட்பவரிடம் தப்பில்லை, ஊன்றி உழைக்க அவருக்கும் ஒரு பாதுகாப்பு வேண்டுமே. கொடுங்கள், ஆண்டுக்கு இவ்வளவு எடுக்கவேண்டும் என்ற குறைந்தபட்ச அளவோடு. எடுக்காவிட்டால் ஒப்பந்தம் முறியவேண்டாம், ஏக உரிமை மட்டும் போகட்டும். இருவருக்கும் முகம் கெடாது.

மார்ஜினில், அதாவது விநியோகஸ்தரின் லாபத்தில், ஒரு சின்னக் கண்ணி. கடைக்கு 100க்குப் போகும் சரக்கில் 20 சதவீதம் என்று பேசுகிறோம். அது விற்கும் விலைமேல் என்றால் அவர் வாங்குவது 80க்கு. வாங்கும் விலைமேல் என்றால் சுமார் 83.30க்கு. எந்த விலைமேல் என்று எழுதுங்கள்.

ஒப்பந்தம் எழுத ஆரம்பிக்கும்போது, உறவு முடிந்தால் என்ன என்ற பகுதியில் ஆரம்பிப்பதே என் பழக்கம்: எத்தனை நாள் முன்னறிவிப்பு, வர்த்தகக் குறியை யார் பெயரில் பதிவது (நம் பெயரில்தான்), தகராறு எங்கே தீரும். வேற்று நாட்டவர் என்றால் கோர்ட்டைவிட, இருவரும் ஏற்றுக்கொண்ட நடுவர் தீர்ப்பே மேல். 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் அதை நிறைவேற்ற வழி உண்டு. மிச்சச் சரக்கு யாருடையது, என்ன விலைக்குத் திரும்ப எடுப்போம் என்பதும் அங்கேயே வரவேண்டும். அந்த டேப் பிரிக்காத பெட்டிகள் விஷயத்தில் அப்படி ஒரு வரி எங்கள் ஒப்பந்தத்தில் இல்லை. எக்ஸ்பயரி நெருங்கியதும் அவர் பாதி விலைக்குத் தள்ளிவிட்டார். புது விநியோகஸ்தரோடு லைனில் போனபோது கடைக்காரர் கேட்டார்: “போன மாசம் பாதி விலைக்குக் கொடுத்தீங்களே, இப்ப மட்டும் ஏன் ஏறுது?”