குதிரை லாரியில் ராத்தங்க: நாடாக் கட்டிலா, தூளியா, மெத்தையா?

எங்கள் குதிரை ராணி என் கோரைப்பாயைத் தின்ற ராத்திரியில்தான் இந்த ஆராய்ச்சி தொடங்கியது. மகளின் குதிரையேற்றப் போட்டிக்காக முதன்முறை சென்னையிலிருந்து பெங்களூருக்கு ராணியை ஏற்றிப்போனபோது, ஒரு பாய் போதாதா என்று கிளம்பிவிட்டேன். வழியில் பாயைச் சுருட்டித் தடுப்பின் மேல் சாத்திவிட்டு வாளி எடுக்கக் கீழே இறங்கினேன். திரும்பி வந்தால் ஓரத்தில் ஒரு சாண் காணோம். கோரையும் புல்தானே, அவள் மேல் தப்பில்லை. பாய் அன்றோடு கழிந்தது.

லாரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் படங்களில் அடுப்பு, சோபா எல்லாம் வைத்து வருமே, அந்த ரகமில்லை. சாதாரண லாரி பாடிக்குள் இரண்டு குதிரை நிற்கத் தடுப்பு, தரையில் ரப்பர் விரிப்பு, பின்னால் சாய்வுப் பலகை, கேபினை ஒட்டி சைஸ், அதாவது குதிரையைப் பராமரிக்கும் ஆள், உட்கார ஒரு சின்ன அறை. அறையின் நீளம் லாரியின் அகலம்தான், சுமார் 7 அடி. குறுக்கே 4 அடி.

பெங்களூரு 350 கிலோமீட்டர். காரில் ஆறு மணி நேரம் என்பார்கள். குதிரையை ஏற்றிவிட்டால் சட்டென்று பிரேக் போடக் கூடாது, வளைவில் மெதுவாகப் போக வேண்டும், இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் காட்ட வேண்டும். வெயில் தாழ்ந்து நான்கு மணிக்குக் கிளம்பி, ஸ்ரீபெரும்புதூர் நெரிசலைத் தாண்டி, வேலூர், கிருஷ்ணகிரி எல்லாம் கடந்து மைதானம் போய்ச் சேர ராத்திரி இரண்டு மணி ஆகிவிடும். லாயத்தில் இடம் காட்டுகிறவர் விடிந்த பிறகுதான் வருவார். அதுவரை குதிரையும் லாரியில், நாங்களும் லாரியில்.

லாட்ஜ் போடலாமே என்றால், போடலாம். மெத்தை இருக்கும், பாத்ரூம் இருக்கும். நாலு மணி நேரத் தூக்கத்துக்கு முழு நாள் வாடகை கொடுக்க வேண்டும், குதிரை காலால் தரையைத் தட்டினாலோ வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ உங்களுக்குத் தெரியாது. வயிற்றுவலிக்கு அதுதான் முதல் அறிகுறி. நான் போடுவதில்லை.

இரண்டாவது பயணத்துக்கு வீட்டிலிருந்த இலவம்பஞ்சு மெத்தையைக் கொண்டுபோனேன். படுத்த முதல் பத்து நிமிடம் சொர்க்கம். அப்புறம் நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

பல குதிரைகள் வண்டி ஓடும்போது மூத்திரம் பெய்யாது, அடக்கிக்கொள்ளும். ஆட்டத்தில் காலைப் பரப்பி நிற்க முடியாது, கெட்டித் தரையில் தெறிப்பதும் பிடிக்காது. வண்டி நின்று, எஞ்சின் அடங்கி, யாராவது அடியில் உமியோ மரத்தூளோ தூவிவிட்டால் மொத்தத்தையும் ஒரே மூச்சில் விடும். ஒரு குதிரை நாளொன்றுக்கு 5 முதல் 15 லிட்டர் வரை பெய்யக்கூடியது. அதாவது, நீங்கள் படுக்கையை விரித்துக் கண்ணை மூடுகிற அதே நேரம்தான் அதற்கும் நேரம். உமி உறிஞ்சியது போக மிச்சம் ரப்பர் விரிப்பின் அடியில் ஓடி, லாரி எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறதோ அந்தப் பக்கம் வரும். அன்று லாரி முன்பக்கம் சாய்ந்து நின்றது. முன்பக்கம்தான் நான்.

நனைந்ததைவிட வாடைதான் கொடுமை. மூத்திரத்திலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக மாற்றுகின்றன. அது கிளம்புவது ஈரத் தரையிலிருந்து. தரையில் படுத்தவன் மூக்கு அதற்கு நேர் மேலே நாலு விரல் உயரத்தில் இருக்கிறது. மூன்றடி மேலே உட்கார்ந்தால் அவ்வளவு தெரியாது. விடியும்போது என் கண் இரண்டும் சிவந்து எரிந்தன.

அதோடு முடியவில்லை. மெத்தையை வேளச்சேரி வீட்டுக்குக் கொண்டுவந்து காயப்போட்டேன். நம் ஊர் காற்றில் இருக்கும் ஈரத்துக்குச் சட்டையே ஒழுங்காகக் காயாது, இலவம்பஞ்சு எங்கே காயும்? நனைந்த பஞ்சு கட்டி கட்டியாகத் திரண்டு, பத்து நாள் மொட்டை மாடியில் கிடந்தும் வாடை போகவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, "என்னங்க, மாடியில மாடு கட்டியிருக்கீங்களா?" என்று கேட்டார். குதிரை என்று திருத்த வாய் வரவில்லை. உறை கழற்றித் துவைத்த ஃபோம் மெத்தையும் உள்ளே அந்த வாடையை வைத்துக்கொள்கிறது என்று எங்கள் சைஸ் அண்ணன் சொல்கிறார். ஒரு ராத்திரி எதில் படுத்தாலும் ஓட்டிவிடலாம். மறுநாள் அதைக் கழுவிக் காயவைக்க முடியுமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அதனால்தான் நாடாக் கட்டில். பாரிமுனையில் வாங்கிய மடக்குக் கட்டில், இரும்புச் சட்டம், நைலான் நாடா. இரண்டரை அடி அகலம் என்பதால் அறையில் போட்ட பிறகும் கால் வைத்து நடக்க இடம் மிஞ்சுகிறது. தரையிலிருந்து ஒரு முழம் மேலே படுக்கிறோம், அடியில் என்ன ஓடினாலும் ஓடட்டும். காலையில் குதிரையை இறக்கிவிட்டு லாரியைக் குழாய் வைத்துக் கழுவும்போது கட்டிலையும் சேர்த்து அடித்துக் கழுவிவிடுகிறோம். நைலான் தண்ணீரை அதிகம் குடிப்பதில்லை. நல்ல வெயிலில் ஒரு மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்துவிடும்.

குறை இல்லாமலில்லை. ஓடும் வண்டியில் மடக்கிய இரும்பு கடகடவென்று அடிக்கும், ராணி காதைப் பின்னுக்கு மடக்கிவிடுவாள். கோணியில் சுற்றி இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டியே ஏற்ற வேண்டும். நாடா தொய்யும். காலின் அடியிலுள்ள ரப்பர் புஷ் விழுந்துவிட்டால் மூத்திரத்தில் நின்று துரு ஏறும். குளிர்ந்த இரவில் கீழேயிருந்து சில்லென்று ஏறுகிறது, போர்த்திக்கொள்வதுபோல அடியிலும் ஒரு கம்பளி வேண்டும். பெங்களூரு மார்கழிக் குளிரில் நான் இதில் படுத்ததில்லை, ஆகஸ்டிலேயே இரண்டு கம்பளி தேவைப்பட்டது.

தூளி என் மகளின் கட்சி. கடையில் ஹேமக் என்று விற்கும் பாராசூட் துணி. பைக்குள் அடங்கிவிடும், துவைத்தால் உடனே காயும், தரையே தேவையில்லை. காயவைக்கிற கணக்கில் கட்டிலையே மிஞ்சும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நன்றாகத் தாழ்ந்து தொங்க கொக்கிகளுக்கு நடுவே 10 அடியாவது வேண்டும். எங்களுக்குக் கிடைப்பது 7, மூலைக்கு மூலை கட்டினால் எட்டு. உள்ளே இறால் மாதிரி சுருண்டு கிடக்க வேண்டும். இன்னொன்று, குதிரை நின்றுகொண்டே தூங்கும்போது பின்னங்கால்களை மாற்றி மாற்றி ஓய்வு கொடுக்கும். 450 கிலோ ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறும்போது ஸ்பிரிங் பட்டைகளின் மேல் லாரியே லேசாக அசையும். கட்டிலில் அது தாலாட்டு, தூளியில் ஊஞ்சல். நான் படுத்தது ஒரே ஒரு ராத்திரி, அதுவும் பாதியில் இறங்கிவிட்டேன். பதினாறு வயது முதுகுக்கு அது சரிப்படுகிறது என்பதை மகளைப் பார்த்துச் சொல்லலாம்.

எதில் படுத்தாலும் சில விஷயங்கள் பொது. லாரியின் முன்பக்கம் சற்று மேடாக இருக்கும்படி நிறுத்தச் சொல்லுங்கள். ஜன்னல்களைக் குளிருக்குப் பயந்து மூடாதீர்கள், குதிரைக்கும் உங்களுக்கும் காற்று வேண்டும். கொசுவத்திச் சுருள் கூடவே கூடாது, சுற்றிலும் வைக்கோல். வலை கட்டிக்கொள்ளுங்கள். கேஸ் அடுப்பும் உள்ளே வேண்டாம், புளியோதரையும் ஃபிளாஸ்க்கில் சுக்குக் காபியும் போதும். உடுப்பை மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில் வையுங்கள், பையில் வைத்தால் மறுநாள் நீங்களே லாயம் மாதிரி மணப்பீர்கள். தண்ணீரை வீட்டிலிருந்தே 20 லிட்டர் கேனில் இரண்டு மூன்று கொண்டுபோங்கள். வேற்றூர்த் தண்ணீரின் ருசி பிடிக்காமல் பல குதிரைகள் குடிக்க மறுக்கும். கேன் தீர்ந்தால் ஒரு துண்டு வெல்லம் கரைத்துக் கொடுத்துப் பார்க்கலாம், ராணியிடம் பலிக்கிறது.

சைஸ் அண்ணன் இந்த மூன்றையும் ஏற்கவில்லை. காலியாக இருக்கும் இரண்டாவது தடுப்புக்குள் வைக்கோல் கட்டுகளை அடுக்கி, மேலே கோணி விரித்துப் படுத்துவிடுகிறார். காலையில் அந்தப் படுக்கையைக் குதிரை தின்றுவிடும், கழுவும் வேலையே கிடையாது. எனக்குத் தும்மல் வரும் என்பதால் நான் முயலவில்லை. அடுத்த பயணத்துக்குள் கட்டில் நாடாவை இழுத்துக் கட்டி, நான்கு கால் புஷ்ஷையும் மாற்ற வேண்டும்.