அளந்து பார்த்த பிறகே பிரேக் டிஸ்க்கை மாற்றும் பட்டறை

மாதம் ஒருமுறையாவது குன்னூர் சென்று திரும்பும் என் காரில், மேட்டுப்பாளையம் நோக்கி இறங்கும்போது பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் நடுங்குவதும் பெடல் காலடியில் துடிப்பதும் சில மாதங்களாகவே இருந்தன. முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் சக்கரத்தைக் கழற்றாமலேயே எட்டிப் பார்த்து, பேட் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற வட்டத் தகட்டை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் கட்டை) தேய்ந்துவிட்டது என்று சொல்லி முன்பக்கப் பேட்களை மட்டும் மாற்றித் தந்தார்கள். இரண்டே வாரத்தில் நடுக்கம் திரும்பிவிட்டது. அதன் பிறகு நண்பர் ஒருவர் சொன்னதன் பேரில், கோவை சிங்காநல்லூரில் பிரேக் வேலையை மட்டுமே செய்யும் ஒரு சிறிய பட்டறைக்குக் காரைக் கொண்டு சென்றேன்.

நடுக்கம் ஸ்டீயரிங்கில் தெரிகிறதா, இருக்கையில் தெரிகிறதா என்பதுதான் மெக்கானிக் கேட்ட முதல் கேள்வி. ஸ்டீயரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன் டிஸ்க்கிலும், இருக்கையில் தெரிந்தால் பின்பக்கத்திலும் கோளாறு இருக்கும் என்று விளக்கிவிட்டு, நான்கு சக்கரங்களையும் கழற்றினார். டிஸ்க்கின் வெளி விளிம்பிலிருந்து ஏறத்தாழ 10 மி.மீ. உள்ளே, சுற்றிலும் எட்டு இடங்களில் மைக்ரோமீட்டர் என்ற நுண் அளவுகருவியை வைத்துத் தடிமனை அளந்து ஒரு தாளில் எழுதினார். பேட் படாத வெளி விளிம்பு தேயாமல் வரப்பு போல நின்றுவிடுவதால், சாதாரண வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்தால் அந்த விளிம்பின் தடிமன்தான் கிடைக்குமே தவிர, தேய்ந்த பரப்பின் உண்மையான தடிமன் கிடைக்காது. டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் 20 மி.மீ. என்று பொறிக்கப்பட்டிருந்ததை டார்ச் அடித்துக் காட்டினார். பத்தாண்டுகளாகக் கார் வைத்திருக்கும் நான் அந்த எழுத்தைப் பார்த்தது அன்றுதான். முன் வலப்பக்க டிஸ்க் 19.8 மி.மீ. வரை தேய்ந்திருந்தது. இடப்பக்க டிஸ்க்கில் 20.3 மி.மீ. மீதம் இருந்தாலும், ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் 0.04 மி.மீ. வேறுபாடு இருந்தது.

இத்தனை சிறிய வேறுபாடா காரை உலுக்கும் என்று நானும் ஐயப்பட்டேன். சக்கரம் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் தடித்த இடம் பேட்டைத் தள்ள, அந்த உந்தல் பிரேக் ஆயில் வழியாகப் பெடலுக்கு வந்து சேருகிறது என்றார். சூட்டில் டிஸ்க் வளைந்துவிட்டது என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பெரும்பாலானவை இத்தகைய தடிமன் வேறுபாடுதானாம். மலையிறங்கிச் சூடேறிய டிஸ்க்கோடு, வழியில் உள்ள பர்லியாறு நெரிசலில் பிரேக்கை மிதித்தபடியே நின்றால் பேட்டின் பொருள் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்வதும் ஒரு காரணம். நான் எப்போதும் செய்து வந்தது அதைத்தான்.

இடப்பக்க டிஸ்க்கை லேத்தில் கடைந்து பயன்படுத்தலாமா என்று கேட்டேன். கடைந்தால் குறைந்தபட்ச அளவை ஒட்டி வந்து, அடுத்த தேய்மானத்துக்கு இடமில்லாமல் போகும் என்றும், ஒரே அச்சின் இரு பக்கமும் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும் என்றும் சொல்லி, இரண்டையும் பேட்களோடு சேர்த்து மாற்றினார். பொருத்திய விதத்தில்தான் என் மதிப்பு இன்னும் உயர்ந்தது. பேட்களைத் தாங்கி அழுத்தும் கேலிப்பரை, பிரேக் ஆயில் வரும் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பி கட்டி நிறுத்தினார். டிஸ்க் அமரும் ஹப்பின் முகத்தில் இருந்த துருவைப் பளபளக்கும் வரை தேய்த்து நீக்கினார், ஏனெனில் அங்கே ஒட்டியிருக்கும் மெல்லிய துருகூடப் புதிய டிஸ்க்கைச் சாய்த்துச் சுழல வைத்துவிடும். துருப்பிடிக்காமலிருக்கப் புது டிஸ்க்கில் பூசியிருந்த எண்ணெயைத் துடைத்து, டயல் கேஜ் என்ற முள் வைத்த அளவுகருவியால், சுழலும்போது டிஸ்க் பக்கவாட்டில் ஆடும் ஆட்டத்தைப் பார்த்தபோது முள் 0.03 மி.மீ.க்குள் நின்றது. கேலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின்களுக்குக் கிரீஸ் இட்டு, சக்கர நட்டுகளை முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் குறுக்குமறுக்காக முறுக்கினார்.

பிறகு என்னை அருகில் அமர்த்திக்கொண்டு, அவிநாசி சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 20 வரை, முழுதாக நிறுத்தாமல், இடைவெளி விட்டுப் பத்து முறை பிரேக் பிடித்துப் புதுப் பேட்டை டிஸ்க்கோடு பதியவைத்தார். முதல் 300 கி.மீ.க்குத் திடீர்ப் பிரேக் வேண்டாம் என்றார்.

குறைகளும் உண்டு. வேலை முடிய ஐந்து மணி நேரம் ஆனது. காத்திருக்க நிழலான இடம்கூட இல்லை. அதைவிட முக்கியமாக, அவ்வளவு கவனமாக எடுத்த அளவுகளைப் பில்லில் குறிப்பதில்லை. கேட்டபோது அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். வாடிக்கையாளர் கேட்காமலேயே அதைக் கொடுக்க வேண்டும்.

சென்ற வாரம் குன்னூரிலிருந்து இரண்டாம் கியரில் இறங்கினேன். கொண்டை ஊசி வளைவு ஒன்றில்கூட ஸ்டீயரிங் அசையவில்லை. புது டிஸ்க் இரண்டும் 22 மி.மீ. என்று கைபேசியில் குறித்து வைத்திருக்கிறேன். அடுத்த முறை பேட் மாற்றும்போது அதே எட்டு இடங்களில் அளக்கச் சொல்லியிருக்கிறேன்.