டியூஸ் எக்ஸ்: 20 ஆண்டுகளாக என் கணினியில் இருக்கும் விளையாட்டு

2004ஆம் ஆண்டு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு முதல் கணினி வந்த சில வாரங்களில், கல்லூரி நண்பர் ஒருவரின் அண்ணன் டியூஸ் எக்ஸ் குறுந்தகட்டை எனக்குக் கொடுத்தார். பெயரை டேயஸ் எக்ஸ் என்று உச்சரிப்பதே சரி என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். எங்கள் நண்பர் வட்டத்தில் அது இன்றும் டியூஸ் எக்ஸ்தான். அன்று முதல் இன்று வரை நான் கணினியை நான்கு முறை மாற்றியிருக்கிறேன், ஒவ்வொன்றிலும் இந்த விளையாட்டை முதல் வாரத்திலேயே ஏற்றியிருக்கிறேன். இத்தனை ஆண்டுகள் ஒரே விளையாட்டுக்குத் திரும்பத் திரும்ப வருவதற்கான காரணத்தை ஒரு முறையாவது முழுமையாக எழுதிவிட வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். கதையின் முக்கியமான ஒரு திருப்பத்தைச் சொல்லாமல் அதை விளக்க இயலாது என்பதால், இதுவரை விளையாடாதவர்கள் விளையாடிவிட்டு வந்து படிப்பது நல்லது.

வாரன் ஸ்பெக்டர் தலைமையில் அயன் ஸ்டார்ம் நிறுவனத்தின் ஆஸ்டின் பிரிவு உருவாக்கி, 2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்த விளையாட்டு இது. கதை நடப்பது 2052ஆம் ஆண்டு. சாம்பல் மரணம் எனப்படும் கொள்ளைநோய் உலகெங்கும் பரவியிருக்க, அதற்கான ஆம்ப்ரோசியா என்ற மருந்து அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே கிடைக்கிறது. ஐ.நா.வின் பயங்கரவாத எதிர்ப்பு அமைப்பான யுனாட்கோவில் புதிதாகச் சேர்ந்த முகவர் ஜே.சி. டென்டனாக நாம் விளையாடுகிறோம். அவருடைய அண்ணன் பால் டென்டனும் அதே அமைப்பில் பணிபுரிகிறார்.

துப்பாக்கி விளையாட்டு என்று நினைத்துத்தான் நான் அதைத் தொடங்கினேன். குறுக்குக்கோட்டை எதிரியின் மீது வைத்துச் சுட்டால் குண்டு படவேண்டும் என்பதுதான் அதுவரை நான் விளையாடியவற்றின் வழக்கம். இங்கே ஓடிக்கொண்டே சுட்டபோது குண்டுகள் எங்கெங்கோ போயின. கூர்ந்து பார்த்தபோதுதான் திரையின் நடுவில் இருந்த கோடுகள் நான் நகரும்போது விலகுவதையும், அசையாமல் நின்றால் மெல்ல மெல்ல நெருங்கி வருவதையும் கவனித்தேன். அந்தக் கோடுகள் எவ்வளவு விரைவாக நெருங்கும் என்பது, கைத்துப்பாக்கித் திறமையில் நாம் எத்தனை புள்ளிகளைச் செலவிட்டிருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. இப்படி மொத்தம் 11 திறமைகள், ஒவ்வொன்றுக்கும் 4 படிநிலைகள். தொடக்கத்தில் நம் கையில் இருப்பதோ 5000 புள்ளிகள் மட்டுமே. துப்பாக்கியில் போட்டால் பூட்டுத் திறக்க வராது, கணினியில் போட்டால் மருத்துவம் வராது. உடலிலும் தலை, மார்பு, கைகள், கால்கள் என்று தனித்தனியாகக் காயம் கணக்கிடப்படுகிறது. இரண்டு கால்களும் போய்விட்டால் தரையில் ஊர்ந்துதான் செல்ல வேண்டும். முதல் கட்டமான லிபர்ட்டி தீவில், தலை தகர்க்கப்பட்ட சுதந்திரதேவி சிலையின் அடியில், நான் அப்படி ஊர்ந்து சென்று ஒரு மருந்துப்பெட்டியைத் தேடிய அந்த முதல் மாலையை இன்றும் மறக்கவில்லை.

எனினும் இந்த விளையாட்டின் உண்மையான சிறப்பு வேறொன்று. நமக்கு முன்னால் இருக்கும் வழிகளை அது அறிவிப்பதே இல்லை. பிற்காலத்து விளையாட்டுகள் பலவற்றில், முக்கியமான தருணம் வந்ததும் ஆட்டம் நின்று, இதைச் செய்கிறாயா அதைச் செய்கிறாயா என்று இரண்டு வரிகள் தோன்றும். டியூஸ் எக்ஸிலும் உரையாடல்களில் அத்தகைய வரிகள் உண்டு. ஆனால் மிகப் பெரிய முடிவுகள் நம் கால்களாலும் கைகளாலும், பல நேரங்களில் நாம் அறியாமலேயே எடுக்கப்படுகின்றன.

இதை நான் உணர்ந்தது பாலின் அறையில். நியூயார்க்கின் ஹெல்ஸ் கிச்சன் பகுதியில் உள்ள ஒரு விடுதியில் பால் உடல் நலிந்து படுத்திருக்கிறார். யுனாட்கோ அவரைத் துரோகி என்று அறிவித்துவிட்டது, வீரர்கள் விடுதிக்குள் நுழைந்துகொண்டிருக்கிறார்கள். தம்மை விட்டுவிட்டு ஜன்னல் வழியாகத் தப்பிச் செல்லும்படி பால் சொல்கிறார். அண்ணன் சொன்னால் செய்யத்தானே வேண்டும். நான் ஜன்னல் வழியாக இறங்கினேன். பிறகு பிடிபட்டு, சிறையிலிருந்து தப்பிக்கும் வழியில், அங்கிருந்த மருத்துவக்கூடத்தில் பாலின் உடலைக் கண்டேன். கதை அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது என்று ஏற்றுக்கொண்டு, மூன்று முறை முழு விளையாட்டையும் முடித்தேன்.

2008ஆம் ஆண்டு பொங்கலுக்குப் புதுச்சேரி லாசுப்பேட்டையில் உள்ள சித்தி வீட்டுக்குச் சென்றிருந்தபோது, சித்தி மகன் கதையில் பின்னால் வரும் ஹாங்காங் கட்டத்தை விளையாடிக்கொண்டிருந்தான். திரையில் பால் உயிரோடு நின்று பேசிக்கொண்டிருந்தார். எனக்கு நம்பவே முடியவில்லை. "ஜன்னல் வழியா ஏன் அண்ணா போனீங்க? நான் சண்டை போட்டுக் கதவு வழியா வந்தேன்" என்றான். அவ்வளவுதான் வேறுபாடு. பால் சொன்னதைக் கேட்காமல், அவருக்குத் துணையாக நின்று வீரர்களை எதிர்த்து, வந்த வழியே வெளியேறினால் அவர் பிழைத்துக்கொள்கிறார். பிடிபடுவது எப்படியும் நடக்கிறது, ஆனால் அண்ணன் உயிரோடு இருக்கிறார். நான்கு ஆண்டுகளாக நான் இழந்துகொண்டிருந்த ஒருவரைக் காப்பாற்றும் வழி, அதே அறையின் மறுபுறச் சுவரில் கதவாக இருந்திருக்கிறது. அன்று இரவு கடலூருக்குத் திரும்பும் பேருந்தில் வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை.

அதன் பிறகு நான் விளையாடும் முறையே மாறிவிட்டது. சொல்லப்பட்டதைச் செய்யாமல் இருந்தால் என்ன ஆகும் என்று ஒவ்வோர் இடத்திலும் முயன்று பார்த்தேன். விமானத்தில் சரணடைந்த கிளர்ச்சித் தலைவர் லெபெடெவைக் கொல்லும்படி சக யுனாட்கோ முகவர் அன்னா நவார் வற்புறுத்தும்போது, அன்னாவுக்கு எதிராகவே துப்பாக்கியைத் திருப்பலாம். அலுவலகத்தில் பெண்கள் கழிவறைக்குள் நுழைந்தால்கூட, மேலதிகாரி மேண்டர்லி அதைக் குறிப்பிட்டுக் கண்டிக்கிறார். இத்தனை நுணுக்கமாக நம்மைக் கவனிக்கும் விளையாட்டு வேறொன்றை நான் கண்டதில்லை.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைச் சூறையாடியபோது, கூரை ஓடுகள் பறந்து மழைநீர் கணினியின் மீது கொட்டியது. வன்தட்டு பழுதாகி, அதுவரை சேமித்து வைத்திருந்த ஆட்டங்கள் அனைத்தும் அழிந்தன. ஊரே இருளில் கிடந்த நாட்களில் அது பெரிய இழப்பாகத் தோன்றவில்லை. மாதங்கள் கழித்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கியபோது, இயன்றவரை யாரையும் கொல்லாமல் செல்வது என்று முடிவு செய்தேன். மயக்க அம்பு தைத்தவுடன் காவலர் விழுவதில்லை. சில நொடிகள் அலறிக்கொண்டு ஓடுவார், அபாயமணியை நோக்கிக்கூட ஓடுவார். எந்த இடத்தில் நின்று எய்தால் அவர் மணியை எட்டுவதற்குள் விழுவார் என்று கணக்கிடுவதில் மணிக்கணக்கான இரவுகள் கழிந்தன. நான் மிகவும் விரும்பிய ஆட்டம் அதுதான்.

குறைகள் உண்டு. எதிரிகள் சற்று மறைந்தாலே நம்மை மறந்துவிடுகிறார்கள். ஹாங்காங் மக்களின் குரல் நடிப்பு செயற்கையாக இருக்கிறது. நீச்சல் திறமையில் புள்ளி போடுவது வீண். இன்றைய கணினிகளில் சீராக ஓட, ரசிகர்கள் உருவாக்கிய துணைக் கோப்புகள் தேவைப்படுகின்றன. முகங்கள் அட்டையில் வரைந்தவை போல இருப்பதும் உண்மையே. ஆனால் இசைக்கு வயதாகவில்லை: உலவும்போது ஒன்றாகவும், பேசும்போது வேறாகவும், சண்டை வந்தால் இன்னொன்றாகவும் அதே மெட்டு உருமாறுவது இப்போதும் மெய்சிலிர்க்க வைக்கிறது.

இந்தக் கோடை விடுமுறைக்கு வந்திருக்கும் அக்கா மகனுக்கு வயது 14. அவனாகவே கேட்டதால் விளையாடக் கொடுத்தேன், எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. நேற்று மாலை அவன் பாலின் அறைக்கு வந்து சேர்ந்தான். "மாமா, ஜன்னல் வழியா போகச் சொல்றார், போயிடட்டுமா?" என்று கேட்டான். "உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்" என்றேன். அவன் ஜன்னல் அருகே சென்று, திரும்பி பாலைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குள் அக்கா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டதால், அங்கேயே சேமித்துவிட்டு எழுந்துவிட்டான்.