தனிநபரிடம் வாங்கிய துப்பாக்கிக்கும் விற்பனை வரி வசூலித்த கடை: கலிஃபோர்னியாவில் வாங்குவோர் கவனத்திற்கு

2024ஆம் ஆண்டின் இறுதியில், உடன் பணிபுரியும் நண்பர் ஒருவரிடமிருந்து அவருடைய பழைய ஷாட்கன்னை 900 டாலருக்கு வாங்கினேன். கைமாற்றத்தைப் பதிவு செய்வதற்காகச் சான் ஹோசேயில் உள்ள, உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடை ஒன்றுக்கு இருவரும் சென்றோம். துப்பாக்கியின் விலையை நண்பரிடம் நான் நேரடியாகக் கொடுத்துவிட்டேன். கடைக்கும் அந்தத் தொகைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆயினும் கடைக்காரர் நீட்டிய ரசீதில், 900 டாலருக்கு 9.375 விழுக்காடு விற்பனை வரியாக 84.38 டாலரும், "மாநிலத் துப்பாக்கி வரி" என்ற பெயரில் 11 விழுக்காடாக 99 டாலரும், கைமாற்றக் கட்டணமாக 75 டாலரும், பின்னணிச் சோதனைக்கான அரசுக் கட்டணம் 37.19 டாலரும் சேர்ந்து மொத்தம் 295.57 டாலர் என்று இருந்தது. சட்டப்படி நான் செலுத்தியிருக்க வேண்டியதோ வெறும் 47.19 டாலர்தான்.

கலிஃபோர்னியாவில் 1991 முதல், குடும்பத்தினருக்குள் நடக்கும் சில கைமாற்றங்கள் போன்ற விதிவிலக்குகள் நீங்கலாக, தனிநபர்கள் தங்களுக்குள் துப்பாக்கியை விற்பதும் வாங்குவதும் உரிமம் பெற்ற வணிகர் வழியாகவே நடைபெற வேண்டும். விண்ணப்பத்தை மாநில நீதித்துறைக்கு (நீதிமன்றம் அல்ல, Department of Justice என்னும் அரசுத் துறை) அனுப்புவதும், பத்து நாள் காத்திருப்புக் காலம் முடியும்வரை துப்பாக்கியைத் தம் கடையில் வைத்திருந்து பின்னர் ஒப்படைப்பதுமே இதில் வணிகரின் வேலை. துப்பாக்கி அவர் கடையில் இருப்பதனாலேயே அவர் விற்பனையாளராகிவிடுவதில்லை. விற்பவர் என் நண்பர். அவர் துப்பாக்கி வணிகம் செய்பவர் அல்லர். எப்போதோ ஒருமுறை தம் சொந்தப் பொருளை விற்கும் தனிநபரின் விற்பனைக்கு இம்மாநிலத்தில் விற்பனை வரி கிடையாது. பன்னிரண்டு மாதங்களுக்குள் கணிசமான தொகைக்கு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை விற்பவருடைய நிலை வேறு. அத்தகையவர், வாங்குவோரிடம் விற்பனை வரி வசூலித்துக் கட்டுவதற்கான விற்பனை உரிமம் பெற வேண்டியிருக்கும். என் நண்பரோ தம்மிடமிருந்த ஒரே துப்பாக்கியை விற்றவர்.

11 விழுக்காட்டு வரியைப் பற்றிக் கடைக்காரர் "புதுச் சட்டம் வந்துவிட்டது, எல்லாவற்றுக்கும் உண்டு" என்று உறுதியாகச் சொன்னார். சட்டம் வந்தது உண்மை; அது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் சில்லறையாக விற்பதால் வணிகருக்குக் கிடைக்கும் வருவாயின் மீது அந்த வணிகர் செலுத்த வேண்டிய வரி அது. தனிநபர்களுக்கு இடையேயான கைமாற்றத்துக்கு அது பொருந்தாது. தமக்கு ஒரு காசும் வருவாயாக வராத 900 டாலருக்கு அவர் எந்த வரியை, யாருக்குச் செலுத்தப் போகிறார் என்று கேட்டேன். கணினி அப்படித்தான் கணக்கிடுகிறது என்பதற்கு மேல் அவரிடம் பதில் இல்லை. கைமாற்றக் கட்டணத்திலும் இதே அத்துமீறல்தான். தனிநபர் கைமாற்றத்துக்கு வணிகர் தமக்கென வாங்கக்கூடியது துப்பாக்கி ஒன்றுக்கு அதிகபட்சம் பத்து டாலர். வெளிமாநிலக் கடையிலிருந்து வரவழைக்கும் துப்பாக்கிக்கு இந்த வரம்பு பொருந்தாது என்பதால், அந்தக் கட்டணப் பட்டியலை என் கணக்கிலும் ஏற்றிவிட்டார்கள்.

படிவங்கள் ஏற்கெனவே அனுப்பப்பட்டு, துப்பாக்கியும் அவர்கள் வசம் போய்விட்ட நிலையில், ரசீதின் மேலேயே என் ஆட்சேபத்தை எழுதிக் கையொப்பமிட்டுப் பணத்தைக் கட்டினேன்.

வெளிமாநிலத்திலிருந்து இணையவழி வாங்குவோரும் இங்கே கவனமாக இருக்க வேண்டும், ஏனெனில் அவர்கள் விஷயத்தில் உள்ளூர் வணிகர் வரி கேட்பது பல நேரங்களில் நியாயமானதே. கலிஃபோர்னியாவில் விற்பனை உரிமம் இல்லாத வெளிமாநிலக் கடை அனுப்பும் துப்பாக்கியை இங்குள்ள வணிகர் ஒப்படைக்கும்போது, அவரையே சில்லறை விற்பனையாளராகச் சட்டம் கருதுகிறது. நீங்கள் கொடுத்த முழு விலைக்கும் அவர் வரி கட்டியாக வேண்டும். ஆனால் 2018இல் வேஃபேர் என்னும் இணையக் கடை தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின், ஆண்டுக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் இம்மாநிலத்தாருக்கு விற்கும் வெளிமாநிலக் கடைகள் 2019 ஏப்ரல் 1 முதல் தாங்களே பதிவு செய்துகொண்டு வரி வசூலிக்க வேண்டியதாயிற்று. ஆகவே பெரிய இணையக் கடைகளின் ரசீதில் கலிஃபோர்னிய வரி பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். அந்த ரசீதைக் காட்டாமல் போனால் அதே துப்பாக்கிக்கு இரண்டாவது முறையும் வரி கட்ட நேரிடும். உள்ளூர்க் கடை ஒருவருடைய துப்பாக்கியைத் தன் பொறுப்பில் வாங்கிவைத்து, தானே ஆள்பார்த்துக் கமிஷனுக்கு விற்றால், அது கடையின் விற்பனைதான். அதற்கு வரி உண்டு. என் ரசீதில் "கமிஷன் விற்பனை" என்ற தலைப்பு இருந்ததை வீட்டுக்கு வந்து நிதானமாகப் படித்தபோதுதான் பார்த்தேன். விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்து வந்து நின்ற ஒரு கைமாற்றத்துக்கு அந்தத் தலைப்பு எப்படி வந்தது என்பதைக் கடை இன்றுவரை விளக்கவில்லை.

கூடுதலாக வசூலித்த விற்பனை வரியை வணிகர் தம் கையில் வைத்துக்கொள்ள முடியாது. வாங்கியவரிடம் திருப்பித் தர வேண்டும். இல்லையேல் மாநில வரி நிர்வாகத் துறைக்குச் செலுத்த வேண்டும். இதைச் சுட்டிக்காட்டி, நண்பருக்குப் பணம் கொடுத்த வங்கிச் சான்றையும் இணைத்து, கடைக்கு எழுத்துபூர்வமாகக் கடிதம் அனுப்பினேன். வாய்மொழியாகக் கேட்டபோதெல்லாம் தட்டிக்கழித்தவர்கள், கடிதம் சேர்ந்த பிறகு 84.38 டாலரையும் 99 டாலரையும் என் அட்டைக்கே திருப்பி அனுப்பினார்கள். பத்து டாலருக்கு மேல் வாங்கிய 65 டாலரை மட்டும் "துப்பாக்கியைக் கடையில் வைத்திருந்த கட்டணம்" என்று புதுப் பெயர் சூட்டித் தர மறுத்தார்கள். அது தொடர்பாக மாநில நீதித்துறையின் துப்பாக்கிகள் பிரிவுக்கு, ரசீதின் நகலுடன் புகார் அனுப்பியிருக்கிறேன். அங்கிருந்து இன்னும் பதில் வரவில்லை.

தனிநபர் கைமாற்றத்துக்குச் செல்பவர்கள் படிவத்தில் கையொப்பமிடுவதற்கு முன்பே கட்டண விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதில் துப்பாக்கியின் விலை கணக்குக்குள் வந்திருந்தால், உங்கள் துப்பாக்கி கடையின் பொறுப்புக்குப் போகும் முன்பே வேறு கடைக்குச் சென்றுவிடுங்கள்.