மார்பகக் கட்டியில் ஹெர்-2, எர்க், பிஐ3கே: எந்த நொதி எதைச் சொல்லும்?

பயாப்ஸி அறிக்கையில் "ஹெர்-2: 3+" என்று பார்த்ததும், சாதாரணக் கட்டியில் இந்த நொதி இருக்கவே இருக்காது என்று நினைத்துவிடுகிறோம். இருக்கும். ஆரோக்கியமான மார்பகத்திலும் இருக்கும். ஹெர்-2, எர்க், பிஐ3கே மூன்றும் "வளர்" என்ற செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் கைனேஸ் நொதிகள்; இவை இயல்பான உடலுக்கும் தேவை. அவற்றின் அளவும், ஓய்வில்லாமல் இயங்குகின்றனவா என்பதும்தான் கட்டிக்குக் கட்டி மாறுகின்றன.

வேறுபாடு பளிச்சென்று தெரிவது ஹெர்-2இல்தான். திசுவில் ஹெர்-2 இருக்கும் இடத்தைச் சாயமேற்றிப் பார்ப்பதுதான் சோதனை. ஃபைப்ரோஅடினோமா போன்ற தீங்கற்ற கட்டியில் பொதுவாகச் செல் சவ்வில் சாயம் மங்கலாக ஏறும், அல்லது ஏறவே ஏறாது. ஊடுருவும் மார்பகப் புற்றுநோய்களிலோ சுமார் 15 முதல் 20 சதவீதத்தில் ஹெர்-2 மிகுந்திருக்கும். பெரும்பாலும் மரபணுவே பல பிரதிகளாகப் பெருகியிருப்பதுதான் காரணம். 10 சதவீதத்துக்கு மேற்பட்ட புற்றுசெல்களில் சவ்வு முழுக்க அடர்த்தியாகச் சாயம் ஏறினால் 3+. சரி, மற்ற 80 சதவீதம்? அவை ஹெர்-2 மிகாமலேயே புற்றுநோய்கள். எனவே "ஹெர்-2 நெகட்டிவ்" என்பதைத் "தீங்கற்றது" என்று யாரும் படித்துவிடக் கூடாது.

எர்க் அப்படியில்லை. சராசரியாகப் பார்த்தால் புற்றுநோய்க் கட்டிகளில் அதன் இயக்கம் கூடுதல்தான், ஆனால் இரு தரப்பு அளவுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. அளப்பதிலும் சிக்கல் உண்டு. எர்க் இயங்குகிறதா என்பதை அதில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டை வைத்துத்தான் அறிகிறோம். கட்டியை வெட்டியெடுத்து, திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் போடத் தாமதமானால் அந்த பாஸ்பேட் அளவே மாறிவிடும். அப்புறம், திசுவை அரைத்து அளந்தால் ஃபைப்ரோஅடினோமாவின் நார்த்திசுவும் சேர்ந்துவிடும். அங்கே எண் குறைந்தால், நொதி குறைவா, பால்குழாயின் உட்புறத்தை அமைக்கும் எபிதீலியல் செல்களே குறைவா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத ஒப்பீட்டை நான் நம்புவதில்லை.

பிஐ3கேயைப் பொறுத்தவரை அளவைவிட மரபணு மாற்றமே முக்கியம். செல்லில் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி இருந்து, ஹெர்-2 மிகாத புற்றுநோய்களில் சுமார் 40 சதவீதத்தில், பிஐ3கேயின் ஒரு பகுதியை உருவாக்கும் பிஐகே3சிஏ மரபணு மாறியிருக்கும். ஆனால் பால்குழாய்க்குள் வளரும் தீங்கற்ற கட்டியான பாப்பிலோமாவிலும் அதே மாற்றம் தென்படுகிறது.

ஆகவே புற்றா இல்லையா என்று தீர்மானிக்க இம்மூன்றில் எதையும் நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். நுண்ணோக்கியில் தெரியும் செல் வடிவமும், பால்குழாயைச் சுற்றியுள்ள மயோஎபிதீலியல் (சுருங்கும் தன்மையுள்ள செல்களின்) அடுக்கு கலையாமல் இருக்கிறதா என்பதுமே அதற்கு வழி. புற்றுநோய் என்று உறுதியான பிறகு, என் முதல் தேர்வு ஹெர்-2. 1998இல் அமெரிக்காவில் ஹெர்-2ஐக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து அனுமதி பெற்றதிலிருந்து அந்த ஒரு முடிவு சிகிச்சையையே மாற்றுகிறது. பிஐ3கேயைத் தடுக்கும் அல்பெலிசிப் மருந்து 2019இல்தான் வந்தது. அறிக்கையில் ஹெர்-2 தெளிவில்லாத 2+ என்று இருந்தால் மட்டும் அதோடு நிற்காதீர்கள். மரபணுப் பிரதிகளை எண்ணும் ஃபிஷ் சோதனையின் முடிவையும் மருத்துவரிடம் கேளுங்கள்.