வளையம் சுழலும், வேலை செய்யாது: 899 ரூபாய்க்கு வந்த 'சிபிஎல்'

கேமரா லென்ஸின் முன்னால் மாட்டும் ஃபில்டர் ஒன்று. வளையத்தில் பிரபலமான ஒரு பிராண்டின் பெயர். பக்கத்திலேயே 'சிபிஎல்', 'மல்டி கோட்டட்', '67 மி.மீ.' எல்லாம் பளிச்சென்று வெள்ளை எழுத்தில். சிபிஎல் என்றால் சர்குலர் போலரைசர்: தண்ணீர், கண்ணாடி போன்றவற்றின் பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர். விற்பனைப் பக்கத்தில் எம்ஆர்பி 3,499 ரூபாயை அடித்துவிட்டு 899. இணையச் சந்தைத் தளம் ஒன்றில், பெயரே கேள்விப்படாத விற்பனையாளரிடமிருந்து வந்த டப்பா இது. வளையம் வழுக்கிக்கொண்டு சுழல்கிறது, கண்ணாடி சாம்பல் நிறத்தில் இருக்கிறது, லென்ஸில் மாட்டினால் படம் ஒரு ஸ்டாப் (அதாவது ஒளி பாதியாக) இருட்டாகிறது. முதன்முறை வாங்குகிறவர் 'சரி, வேலை செய்கிறது' என்றுதான் நினைப்பார். ஆனால் உள்ளே போலரைசரே (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படலம்) கிடையாது. கூலிங் கிளாஸுக்குப் போடுகிற மாதிரி சாயம் ஏற்றிய கண்ணாடியைச் சுழலும் வளையத்தில் பொருத்தி அனுப்பியிருக்கிறார்கள்.

குட்டு வெளிப்பட்டது லேப்டாப் திரையில். எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே போலரைஸ் ஆனது, அதாவது ஒரே திசையில் அதிர்வது. வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்து, ஃபில்டரின் முன்பக்கம் (காட்சியைப் பார்க்கும் பக்கம்) திரையை நோக்கி இருக்கும்படி பிடித்து, முன் வளையத்தை மெதுவாகத் திருப்புங்கள். அசல் சிபிஎல் ஏதாவது ஓர் இடத்தில் கிட்டத்தட்டக் கறுத்துவிடும். அங்கிருந்து 90 டிகிரி போனால் மறுபடி வெளிச்சம். மட்டமான போலரைசர் படலமாக இருந்தால் முழுசாகக் கறுக்காமல் கருநீலமோ ஊதாவோ கசியும். இந்த 899 ரூபாய் சமாசாரம் முழுச் சுற்று சுற்றியும் அதே சாம்பல்தான். ஃபோன் திரையை வைத்து முடிவு கட்டாதீர்கள். சில ஃபோன்களில் மேலே இன்னொரு படலம் இருக்கும். அதில் நல்ல ஃபில்டர்கூடச் சரியாகக் கறுக்காது.

இதைவிட நாசூக்கான ஏமாற்று, லீனியர் போலரைசரை 'சர்குலர்' என்று விற்பது. லேப்டாப் சோதனையில் அது தேறிவிடும். நிலைக்கண்ணாடிமுன் நின்றால்தான் மாட்டும். ஃபில்டரைக் கண்ணுக்கு அருகில் பிடித்து, அதன் வழியாகவே நிலைக்கண்ணாடியில் தெரியும் ஃபில்டரின் பிம்பத்தைப் பாருங்கள். முன்பக்கம் கண்ணாடியை நோக்கி இருக்கும்போது பிம்பத்துக்குள் உங்கள் கண் தெரியும். திருப்பி, லென்ஸில் திருகும் மரைப்பக்கம் கண்ணாடியை நோக்கி இருக்கும்படி வையுங்கள்: அசல் சிபிஎல்லின் பிம்பம் கறுத்துப்போகும், கண் தெரியாது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிந்தால், போலரைசருக்குப் பின்னால் இருந்து ஒளியின் அதிர்வைச் சுழல்வதாக மாற்றவேண்டிய கால்-அலைத் தகடு இல்லை, அது லீனியர்தான். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் பெரும்பாலும் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. டிஎஸ்எல்ஆரில்தான் பாதி ஒளியை விடும் கண்ணாடி வழியாக ஆட்டோஃபோகஸும் வெளிச்சம் அளக்கும் மீட்டரும் வேலை செய்வதால் லீனியர் அவற்றைக் குழப்பும். ஆட்டோஃபோகஸ் பிழைக்கு லென்ஸைச் சர்வீஸுக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் முதலில் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்கலாம்.

அடுத்தது 'மல்டி கோட்டட்' என்ற சொல், அதாவது பிரதிபலிப்பைக் குறைக்கக் கண்ணாடியில் பல அடுக்குப் பூச்சு. கோட்டிங் இல்லாத கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். இரண்டு பரப்புக்கும் 8. நல்ல மல்டி கோட்டிங்கில் மொத்தமும் சேர்த்தே 1 சதவீதத்துக்குக் கிட்ட வந்துவிடும். பகலில் இந்த வித்தியாசம் உறுத்தாது. இரவில் கோபுர விளக்கையோ கல்யாண மேடை எல்இடியையோ எடுத்தால், சென்சாரில் பட்டுத் திரும்பும் ஒளி தட்டையான ஃபில்டரில் மோதி மறுபடி உள்ளே விழும். ஃபிரேமின் நடுப்புள்ளிக்கு எதிர்ப்புறத்தில் விளக்குகள் தலைகீழாகப் பச்சைப் புள்ளிகளாகத் தெரிவது இதனால்தான்.

சோதிக்க டியூப்லைட் போதும். ஃபில்டரைச் சாய்த்துப் பிடித்து அதில் டியூப்பின் பிம்பத்தைப் பாருங்கள். வெள்ளையாக, டியூப்லைட்டாகவே தெரிந்தால் கோட்டிங் இல்லை. மங்கலான பச்சை அல்லது ஊதா என்றால் மல்டி கோட்டிங். இங்கேதான் போலிகள் புகுந்துகொள்கின்றன: கண்ணைப் பறிக்கும் ஊதா நிறத்தில் ஒரு படலம் பூசி, 'பாருங்கள் கோட்டிங்' என்பார்கள். பார்க்கவேண்டியது நிறத்தை இல்லை, பிம்பம் எவ்வளவு மங்கியிருக்கிறது என்பதை. பக்கத்தில் உங்கள் லென்ஸின் முன் கண்ணாடியையே வைத்து ஒப்பிடுங்கள். நம் டப்பாவில் வந்தது லென்ஸைவிடப் பல மடங்கு பளபளத்தது.

யுவி ஃபில்டருக்குப் பெரிய கதை தேவையில்லை. டிஜிட்டல் சென்சாரின் முன்னாலேயே யுவி (புற ஊதா), ஐஆர் (அகச்சிவப்பு) தடுக்கும் கண்ணாடி இருக்கிறது, ஆகவே நீங்கள் வாங்குவது ஒரு பாதுகாப்புக் கண்ணாடி, அவ்வளவுதான். கள்ளநோட்டு டார்ச்சை ரூபாய் நோட்டில் அடித்து யுவி சோதிக்கிறவர்கள் உண்டு. மலிவு டார்ச்சுகள் பெரும்பாலும் 395 நானோமீட்டர், அது நல்ல யுவி ஃபில்டரையே ஓரளவு தாண்டிவிடும். அதற்குப் பதிலாகக் கண்ணாடி தட்டையா என்று பாருங்கள். ட்ரைபாடில் 200 மி.மீ. லென்ஸ், சுவரில் ஒட்டிய செய்தித்தாள், ஃபில்டரோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. எழுத்து கரைந்தால் திருப்பி அனுப்புங்கள். கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸுக்கு ஹுட் (வெயில் மறைக்கும் லென்ஸ் மூடாக்கு) போதும் என்பது எங்கள் கருத்து. கடைக்காரர் கேமராவோடு தள்ளிவிடும் யுவிக்குக் காசு கொடுக்கவேண்டியதில்லை.

'யுவி, சிபிஎல், எஃப்எல்டி மூன்றும் சேர்த்து' என்று வரும் செட்டில் அந்த இளஞ்சிவப்பு எஃப்எல்டி எதற்கு? டேலைட் ஃபிலிமில் டியூப்லைட் வெளிச்சம் பச்சையாக விழுந்த காலத்தில் அதைச் சரிசெய்ய வந்தது. இன்று ஒயிட் பேலன்ஸ் அந்த வேலையைச் செய்கிறது. மூன்றாவது கண்ணாடி என்று கணக்குக் காட்டத்தான் அது.

ஒளியைக் குறைக்கும் சாம்பல் கண்ணாடியான என்டி ஃபில்டரில் எண்ணிலேயே விளையாடுவார்கள். என்டி8 என்றால் 3 ஸ்டாப், என்டி64 என்றால் 6, என்டி1000 என்றால் 10. சீரான வெளிச்சத்தில் வெள்ளைச் சுவர், மேனுவல் மோடு, ஐஎஸ்ஓவும் அபர்ச்சரும் ஒயிட் பேலன்ஸும் மாறாமல்: ஃபில்டர் இல்லாமல் 1/100 நொடி, என்டி1000 மாட்டி 10 நொடி. இரண்டு ஹிஸ்டோகிராமும் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கவேண்டும். அரை ஸ்டாப் முன்பின் இருந்தால் விட்டுவிடலாம். ஒன்றரை ஸ்டாப் என்றால் எண் பொய். படம் முழுக்க ஒரே மாதிரி பழுப்பேறியிருந்தால் ரா (RAW) கோப்பில் சரிசெய்துகொள்ளலாம். நடுவில் ஒரு நிறம் ஓரத்தில் ஒரு நிறம் என்றால் ஒன்றும் செய்யமுடியாது. வெயிலில் கறுப்புத் துணி அரக்கு நிறத்தில் விழுந்தால் ஐஆர் கசிகிறது. திருப்பித் திருப்பி இருட்டைக் கூட்டிக் குறைக்கும் '2 முதல் 400 வரை' வேரியபிள் என்டி, இரண்டு போலரைசர்கள் அடுக்கியது. 24 மி.மீ.க்கும் அகலமான லென்ஸில் கடைசி எல்லைவரை திருப்பினால் நடுவில் கறுப்பாக ஒரு பெருக்கல் குறி விழும். விலை உயர்ந்ததிலும் இது வரும். நல்லவற்றில் அந்த எல்லைக்கு முன்பே வளையம் நின்றுகொள்ளும்படி செய்திருப்பார்கள்.

அளவு மாறி வாங்கிவிட்டு ரிட்டர்னுக்கு அலைபவர்களும் நிறைய. லென்ஸில் வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட குறிக்கு அடுத்துள்ள எண்தான் ஃபில்டர் அளவு. 50 மி.மீ. லென்ஸுக்கு 50 மி.மீ. ஃபில்டர் கிடையாது: கேனான் 50 எஃப்1.8 எஸ்டிஎம்முக்கு 49, நிக்கான் 50 எஃப்1.8ஜிக்கு 58.

காசு மிச்சப்படுத்த வழி, ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு மட்டமான ஃபில்டர் வாங்குவதில் இல்லை. உங்கள் லென்ஸ்களிலேயே பெரிய அளவு 77 என்றால், நல்ல 77 சிபிஎல் ஒன்று, மற்றவற்றுக்கு 67-77, 58-77 ஸ்டெப்-அப் ரிங் (சின்ன லென்ஸில் பெரிய ஃபில்டரை மாட்ட உதவும் வளையம்). ரிங் சில நூறு ரூபாய்தான். ஒரு குறை உண்டு: சின்ன லென்ஸில் ஹுட் மாட்டமுடியாது, கையால் வெயிலை மறைக்கவேண்டியதுதான். பித்தளை வளையம் கிடைத்தால் விடாதீர்கள். அலுமினியம் இறுகிப் பிடித்துக்கொள்ளும். இறுகியதை இரண்டு விரலால் அழுத்தித் திருகினால் வளையம் நீள்வட்டமாகி இன்னும் இறுகும். சுத்தமான ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தில் லென்ஸைக் கவிழ்த்து, சமமாக அழுத்தித் திருப்பினால் கழன்றுவிடும்.

டப்பா வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுங்கள். இறக்குமதிப் பொருளாக இருந்தால் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரான நாடு, மாதம், ஆண்டு, எம்ஆர்பி, புகார் தொடர்பு எல்லாம் டப்பாவில் இருந்தாகவேண்டும். இந்த டப்பாவில் ஒன்றுகூட இல்லை. ரிட்டர்ன் கெடு முடிவதற்குள் லேப்டாப், நிலைக்கண்ணாடி, டியூப்லைட் சோதனைகள் மூன்றையும் முடித்துவிடுங்கள். தளம் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இந்த விஷயத்தில் விற்பனையாளர் முதலில் அனுப்பிய பதில், 'ஃபில்டரில் குறை இல்லை, வளையம் நன்றாகச் சுழல்கிறது' என்பது. லேப்டாப் திரைமுன் அதையும் ஓர் அசல் சிபிஎல்லையும் பக்கத்தில் பக்கத்தில் திருப்பி எடுத்த 20 நொடி வீடியோ தளத்துக்குப் போன பிறகு 899 ரூபாய் திரும்பி வந்தது. அந்த ஃபில்டர் அங்கே இன்னும் விற்பனையில் இருக்கிறது. இப்போது விலை 749.