கீழ் வலது மூன்று பல்: இம்ப்ளான்ட் போட்டு நான்கு வருஷம், இப்போது ஒரு ரிப்பேர்

போன வாரம் என் வாயிலிருந்த பல் பிரிட்ஜைக் கழற்றி லேபுக்கு அனுப்பி, சரிசெய்து திரும்ப மாட்டினார்கள். ரசீதைப் பார்த்த எரிச்சல் அடங்குவதற்குள், முன்பு என்னோடு வங்கியில் வேலை பார்த்தவள் போன் செய்தாள். "அக்கா, எனக்கும் அதே பக்கம்தான் போயிருக்கு. நீங்க போட்டீங்களே, நல்லா இருக்கா? நானும் போட்டுக்கட்டுமா?" ஒரே வார்த்தையில் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் விவரம் சுருக்கமாக. கீழ் வலது கடைசி மூன்று பல், டாக்டர்கள் கணக்கில் 45, 46, 47. மூன்றுக்கும் மூன்று இம்ப்ளான்ட் தேவைப்படவில்லை. 45-லும் 47-லும் தாடை எலும்புக்குள் டைட்டானியம் திருகு, அதுதான் இம்ப்ளான்ட். நடுவிலுள்ள 46 அவற்றின் மேல் பாலமாக நிற்கிறது. மேலே தெரிகிற பல் ஜிர்கோனியா என்ற வெள்ளை செராமிக். சர்க்கரை இருப்பதால் ஹெச்பிஏ1சி (சில மாதச் சர்க்கரையின் சராசரி) இறங்கும்வரை டாக்டர் கத்தியைத் தொடவில்லை. எலும்பு பிடிக்க மூன்று மாதத்துக்கு மேல் விட்டார். ஒரு லட்சத்தைத் தாண்டியது செலவு. என் மெடிக்ளைம் பாலிசியில் பல் என்றால் விபத்தில் உடைந்தால்தான் காசு. வலியைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அந்தப் பற்களைப் பிடுங்கியபோது பட்டதைவிடக் குறைவுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுவதுதான் நியாயம். இதற்கு முன் கழற்றி மாட்டும் பல் தட்டு வைத்திருந்தேன். கத்தரி விதை, எள், கொய்யா விதை எது போனாலும் தட்டுக்கும் ஈறுக்கும் நடுவே புகுந்து குத்தும். விருந்தாளி வந்தால் மாட்டுவது, போனால் கழற்றுவது என்று ஆகிவிட்டது. வருஷக்கணக்கில் இடது பக்கத்திலேயே மென்றேன். இம்ப்ளான்ட் வந்த பிறகு வலது பக்கம் எனக்குத் திரும்பக் கிடைத்தது. தட்டை, தேன்குழல், வறுத்த கடலை, ஆட்டுக்கறி, எதற்கும் யோசிப்பதில்லை. தீபாவளிக்கு அண்ணி கொண்டுவந்த சீடையைக் கடித்த சத்தத்தில் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அந்த சுகத்துக்கு விலை போட முடியாது.

ஒரு விநோதம் மட்டும் பழகக் கொஞ்ச நாளானது. சொந்தப் பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் உண்டு, மெத்தென்று கொடுக்கும், எவ்வளவு அழுத்துகிறோம் என்றும் மூளைக்குச் சொல்லும். இம்ப்ளான்ட்டில் அது கிடையாது, உலோகம் நேரே எலும்போடு ஒட்டிக்கொள்கிறது. சோற்றில் கல் கடிபட்டால் பல்லுக்குத் தெரிவதற்கு முன் காதுக்குத் தெரிகிறது.

சரி, இனி என் சண்டைக்கு வருகிறேன். சண்டை 44-க்கும் 45-க்கும் நடுவிலுள்ள இடத்தோடு. 44 என்பது இம்ப்ளான்ட்டுக்கு முன்னால் நிற்கும் என் சொந்தப் பல்.

முருங்கைக்காய் நார், மாம்பழ நார், கீரைத்தண்டு, கறித்துண்டின் இழை, எது சாப்பிட்டாலும் ஒரு பங்கு அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. புதிதில் அப்படி இல்லை. ஃப்ளாஸ் நூல் அந்த இடத்தில் 'டக்'கென்று சத்தத்தோடுதான் இறங்கும், அவ்வளவு இறுக்கம். போகப்போகச் சத்தம் நின்றது. பிறகு நூல் வழுக்கிக்கொண்டு போனது. அதற்கப்புறம் கல்யாண வீட்டுப் பந்தியில் பாயசம் வருவதற்குள் நாக்கு அந்த இடத்தைத் துழாவ ஆரம்பித்துவிடும். எதிரே உட்கார்ந்து ஒருவர் மகளின் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார், நான் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டுகிறேன். கவனமெல்லாம் அந்த நாரில். கைகழுவப் போகிற சாக்கில் ஓடி, கைப்பையிலிருந்து குட்டி பிரஷ்ஷை எடுத்து, கண்ணாடி முன் வாயைக் கோணி நிற்பது என் வழக்கமாகிவிட்டது. வீட்டுக்காரர் ஊக்கை நீட்டுவார். டாக்டர் பார்த்தால் இரண்டு பேரையும் திட்டுவார்.

டாக்டரிடம் கேட்டேன். படத்தைக் காட்டி, "இம்ப்ளான்ட் இம்மிகூட நகரலை மேடம், உங்க பல்லுதான் முன்னாடி நகர்ந்திருக்கு" என்றார். உண்மைதான். சொந்தப் பற்கள் ஆயுசு முழுக்க மெல்ல மெல்ல முன்பக்கமாக நகர்ந்துகொண்டே இருக்கும். எலும்போடு ஒட்டிய இம்ப்ளான்ட் போட்ட இடத்திலேயே நிற்கும். பக்கத்துப் பல் விலகிப் போனால் நடுவே சந்து விழுந்துதானே ஆகும்? போதாததற்கு இம்ப்ளான்ட்டின் குறுக்களவு 4 மில்லிமீட்டர் போல. கடைவாய்ப் பல்லின் கழுத்து அதைவிட இரண்டு மடங்கு. அதனால் கிரவுனுக்கு, அதாவது மேலே மாட்டிய பல்லுக்கு, அடியிலும் ஈறோரம் இடம் மிச்சமிருக்கிறது, சந்தில் நுழைந்தது அங்கே ஒதுங்குகிறது.

ஆக, லட்ச ரூபாய்ச் சாமான் மேல் குற்றமில்லை, கடவுள் சும்மா கொடுத்த பல்தான் குற்றவாளி. வாரண்டி அட்டையும் அதையேதான் சொல்கிறது: உள்ளேயிருக்கும் டைட்டானியத்துக்கு ஆயுள் முழுக்க, மேலேயுள்ள பல்லுக்குச் சில வருஷம், சந்துக்கு ஒன்றுமில்லை. இதை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் ஆரம்பத்தில் கையெழுத்து வாங்கிய தாளில் ரத்தக்கசிவு, மரமரப்பு, சீழ், எலும்பு பிடிக்காமல் போவது என்று வரிசையாக எழுதியிருந்தவர்கள், சாதாரணமாக நடக்கக்கூடிய இந்த ஒன்றை மட்டும் ஏன் எழுதவில்லை?

காத்திருக்கும் அறையில் ஒரு படம் மாட்டியிருக்கிறார்கள். சுவீடனில் பிரானேமார்க் என்ற பேராசிரியர் முயல் எலும்பில் டைட்டானியம் ஒட்டிக்கொள்வதை 1952-ல் கவனித்தது, 1965-ல் யோஸ்டா லார்சன் என்பவருக்கு முதன்முதலாகப் பல் வைத்தது, அவர் 2006-ல் இறக்கும்வரை அதிலேயே சாப்பிட்டது என்று. நாற்பது வருஷம்! மரியாதை தோன்றத்தான் செய்கிறது. ஆனால் லார்சன் ஐயா முருங்கைக்காய் சாம்பார் சாப்பிட்டிருக்க மாட்டார்.

ரிப்பேர் எளிதாக முடிந்ததற்கு ஒரே காரணம், என்னுடையது திருகி மாட்டிய பிரிட்ஜ். மேலே துளையை அடைத்திருந்த சிமெண்ட்டைக் கிளறி, உள்ளேயிருந்த வெள்ளை டெஃப்லான் டேப்பை உருவி, திருகைக் கழற்றினால் மொத்தமும் கையோடு வந்துவிட்டது. லேபில் முன்பக்கத்தில் கொஞ்சம் செராமிக் ஏற்றி, அளவு பார்த்து முறுக்கிவிட்டார்கள். ஒட்டிவைக்கிற வகையாக இருந்தால் உடைத்து எடுக்க வேண்டி வரலாம். ஒட்டும்போது வழிந்த பசை ஈறுக்குள் தங்கினால், இம்ப்ளான்ட்டைச் சுற்றி எலும்பு அரிக்கிற சீக்குக்கும் அது ஒரு காரணம். இம்ப்ளான்ட் சொத்தையாகாதுதான், ஆனால் சுற்றியுள்ள ஈறு கெட்டால் கழன்றுபோகும். நார் தங்குவது எரிச்சல் மட்டும் இல்லை என்பதால்தான் இத்தனை புலம்பல். தினமும் ராத்திரி தண்ணீர் பீய்ச்சும் ஃப்ளாசர், பிளாஸ்டிக் பூசிய கம்பியுள்ள குட்டி பிரஷ், பாலத்துக்கு அடியில் விட நுனி விறைத்த நூல் என்று என் வாஷ்பேசின் ஓரமே ஒரு சின்ன கிளினிக்.

இப்போது நூல் மறுபடி 'டக்'கென்று இறங்குகிறது. 44 இன்னும் நகரும், அப்போது மறுபடி ரசீது வரும். டாக்டரே சொல்லிவிட்டார்.

போனில் அவளுக்கு என்ன சொன்னேன் என்றால், "வேண்டாம்டி, போடாதே." மேலே எழுதிய சீடை, கடலை, ஆட்டுக்கறி எல்லாம் அந்த நிமிஷம் ஞாபகத்துக்கு வரவில்லை, கையிலிருந்த ரசீதுதான் தெரிந்தது. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப தட்டே வச்சுக்கறேன்க்கா, செலவும் கம்மி" என்றாள்.

"தட்டா? பைத்தியமா உனக்கு? அதுக்கு இதையே போட்டுக்க. திருகி மாட்டுறதாக் கேளு. சந்து விழுந்தா யார் காசுன்னு முதல்லயே எழுதி வாங்கிக்க."